அக்கரையிலிருந்து கொண்டுவந்த நாள்

சோம்ஸ் பார்
1991 மார்ச் 11

ஆர்டித்துக்கு அக்கா எழுதிக்கொள்வது.

தம்பியைக் கொண்டுபோன அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் இவர்கள்தான். அம்மா. அம்மாவைப் பெற்றவள். ஒற்றைக் கண் மாமா. கடைக்காரன் பெண்சாதி, அவள்தான் தொப்பிக்காரன் பேச்சை நமக்கும் நம் பேச்சை அவனுக்கும் மாற்றிச் சொன்னாள். பிள்ளைகளைப் பிடித்துப்போக வெள்ளைக்காரர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அந்தத் தொப்பிக்காரன். தம்பி. பிறகு லாவினா ஆகிய நான், ஆர்டித் ஆகிய நீ. செத்தவர்கள் பேரை நம்மவர்கள் சொல்வதில்லை, அதனால் உறவு சொல்லி எழுதுகிறேன். பேர் சொல்லக்கூடியவர்கள் நாம் இரண்டு பேர்தான் மிச்சம்.

இங்கே நலம். மழை வருவதை முழங்கால் முதல் நாளே சொல்லிவிடுகிறது. நீயும் நலமாகத்தான் இருப்பாய். உன் மாதிரி ஆட்களுக்கு ஒன்றும் வராது.

தம்பி படித்த பள்ளிக்கூடம், படித்த என்ன, செத்த பள்ளிக்கூடம், அந்த நிலத்தை விற்றுவிட்டார்களாம். பின்பக்கம் இருக்கிற பிள்ளைகளின் கல்லறையைத் தோண்டப் போகிறார்கள். உரியவர்கள் கேட்டால் எலும்பைக் கொடுப்பார்கள். கேட்காதவற்றை எல்லாம் ஒரே குழியில் போட்டு மூடிவிடுவார்கள். கேட்பதென்றால் உயிரோடிருக்கிற உடன்பிறந்தவர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அக்டோபர் முதல் தேதி கெடு. காகிதம் இதோடு இருக்கிறது. நான் போட்டுவிட்டேன். கீழே உன் இடம் காலியாக இருக்கிறது.

கெஞ்சமாட்டேன். பாறைமேல் ஏறி நின்று அக்கரையைக் காட்டிக் கொடுத்தாயே, அந்தக் கைதான் இதற்கும் வேண்டியிருக்கிறது. வேறு கை இருந்தால் உன்னிடம் வந்திருக்கமாட்டேன்.

என் வீட்டுக்காரர் தபால் போடக் காத்திருக்கிறார். 

லாவினா


மெட்ஃபோர்ட்
ஏப்ரல் 2

அக்காவுக்கு ஆர்டித்தின் வணக்கம்.

எனக்கு இரத்தக் கொதிப்பு. நீ கேட்கவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன். அத்தானைக் கேட்டதாகச் சொல். அங்கே விலாங்கு ஏற ஆரம்பித்துவிட்டதா? இங்கே கடையில் கிடைப்பதெல்லாம் ருசியில்லாத மீன்.

காகிதம் வந்தது. அதற்கு முன்னாலேயே உன் குரலும் வந்துவிட்டது. நம் பேச்சைப் பதிவு செய்கிற மார்லா, வெளியூரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் ஒலிநாடா அனுப்பினாள். சமையலறையில் மருமகளோடு உட்கார்ந்து கேட்டேன்.

மார்லா கேட்கிறாள்: "ஒரு ஆளக் கொண்டுபோறதுக்கு நம்ம பேச்சுல எத்தனை சொல்லு இருக்கு?" நீ வரிசையாகச் சொல்கிறாய். தொட்டில்கூடையில் வைத்துக் கொண்டுபோவது, கையைப் பிடித்துக் கூட்டிப்போவது, நோயாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவது, மலைப்பக்கம் ஏற்றிப்போவது, ஆற்றுப்பக்கம் இறக்கிப்போவது. அதுவரை அழகாக இருந்தது. என் மருமகள், "உங்க அக்காவா? எவ்வளவு அறிவு!" என்றாள். அதற்குப் பிறகு நீ அந்த நாளை உதாரணமாக எடுத்தாய். "எந்தம்பிய அக்கரையிலேர்ந்து கொண்டாந்தாங்க. காட்டிக் கொடுத்தது என் தங்கச்சி ஆர்டித்து." என் பேரைச் சொல்லியிருக்கிறாய். உயிரோடிருக்கிறேன், சொல்லலாம்தான். அந்த நாடா இப்போது எத்தனை வீட்டில் ஓடுகிறது?

அம்மாவைப் புதைத்த அன்றைக்கு எல்லார் எதிரிலும் இதையே சொன்னாய். அன்றைக்குத்தான் நான் ஊரை விட்டேன். முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது.

அதே மார்லாவைக் கூப்பிட்டு, அதே கருவியில், ஆர்டித் காட்டிக் கொடுக்கவில்லை என்று சொல். நாடா வந்து சேர்ந்த அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன். தம்பி எனக்கும் தம்பிதான். ஆனால் இந்தப் பேரோடு அவன் குழிக்குப் பக்கத்தில் வந்து நிற்கமாட்டேன்.

ஆர்டித்


சோம்ஸ் பார்
ஏப்ரல் 9

ஆர்டித்துக்கு.

உப்பைக் குறை. கொதிப்பு இறங்கும். விலாங்கு ஏறுகிறது, அனுப்புகிறதாக இல்லை.

செத்த பிள்ளையின் எலும்பை வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறாய். நான் கண்ணால் பார்த்ததை உனக்காக மாற்றிச் சொல்ல வேண்டுமா?

கேள். நான் ஒன்றையும் மறக்கவில்லை. தொப்பிக்காரன் மறுநாள்தான் வருவான் என்று நினைத்திருந்தோம். விடிந்தும் விடியாமலும் கோவேறு கழுதைமேல் வந்துவிட்டான். தம்பியை முந்தின வாரமே அக்கரையில் சித்தி வீட்டில் விட்டாயிற்று. உன் பேர் எப்படியோ காகிதத்தில் விட்டுப்போயிருந்தது. என் பேரும் தம்பி பேரும் இருந்தன. ஓக் கொட்டை சேர்த்து வைக்கிற பெரிய கூடைக்குள் அம்மா என்னை உட்கார வைத்து, முழங்கால் வரைக்கும் கொட்டையைக் கொட்டி, மேலே பாயைப் போட்டாள். பின்னலில் ஒரு விரல் அகலத்துக்கு விட்டுப்போயிருந்தது. அதன் வழியாகப் பார்த்தேன்.

கடைக்காரன் பெண்சாதி கேட்கிறாள்: "ரெண்டு பேரு இருக்கணுமே, எங்க?" அம்மா சொல்கிறாள்: "இருமல்ல போயிட்டாங்க." மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீ பாறைமேல் ஏறுகிறாய். நீலத் துணியில் பாவாடை. வலது கையைத் தலைக்குமேல் தூக்கி அக்கரைப் பக்கம் நீட்டி ஆட்டுகிறாய். தொப்பிக்காரன் உன்னைப் பார்த்துவிட்டுக் கரை இறங்கினான். இரண்டு சட்டி கஞ்சி வேகிற நேரம் ஆகியிருக்கும். தம்பியை மணிக்கட்டில் பிடித்து மேலே கூட்டி வந்தான். காலில் மிதியடி இல்லை. 

இதில் எதை மாற்றச் சொல்கிறாய்?

லாவினா


மெட்ஃபோர்ட்
மே 20

அக்காவுக்கு.

இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது பரவாயில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

கூடையின் ஓட்டை ஒரு விரல் அகலம் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதில் என் முதுகு தெரிந்திருக்கும். ஆறு தெரிந்ததா? படகு கட்டுகிற இடம் கரைக்குக் கீழே இருக்கிறது. வீட்டு வாசலில் நின்றால்கூடத் தெரியாது. கூடைக்குள் உட்கார்ந்தவளுக்குத் தெரிந்துவிட்டதா?

நான் ஏன் பாறைமேல் ஏறினேன் தெரியுமா? படகு அதற்கு முன்னாலேயே அக்கரை போய்விட்டது. தம்பி சரளைக்கல்லில் விளையாடிக்கொண்டிருந்தான். சித்தி உள்ளே இருந்தாள். "மேல போ, மலைக்கு ஓடு" என்று கையை ஆட்டினேன். கத்தினால் தொப்பிக்காரன் கேட்பான், கையை மட்டும் ஆட்டினேன். தம்பியும் எனக்குக் கையை ஆட்டினான். விளையாட்டு என்று நினைத்துவிட்டான்.

ஏழு வயதில் எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. ஏறாமல் இருந்திருக்கலாம்.

ஒன்று கேட்கிறேன். தொப்பிக்காரன் கூட்டி வந்தான் என்கிறாய். பனி உருகி ஆறு பெருகிக் கிடந்த மாதம். நம்மவர்களிலேயே பாதிப் பேர் படகை எடுக்கப் பயப்படுகிற தண்ணீர். அந்த ஆள் கழுதைமேலேயே சரியாக உட்காரத் தெரியாதவன். அக்கரையிலிருந்து தம்பியைக் கொண்டு வந்தார்கள், கொண்டு வந்தார்கள் என்று அறுபது வருஷமாகச் சொல்கிறாய். யார் என்று ஒரு தடவையாவது யோசித்தாயா? அன்றைக்கு இருந்தவர்கள் என்று வரிசை எழுதினாயே, அதில் ஒரு ஆள் குறைகிறது.

ஆர்டித்


சோம்ஸ் பார்
மே 27

ஆர்டித்துக்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாய் என்பது தெரிந்தது. வீட்டில் கிட. கடிதத்தைப் பெரிதாக எழுதிக் கொதிப்பை ஏற்றிக்கொள்ளாதே.

கையை ஆட்டினாளாம், ஓடச் சொன்னாளாம். அறுபது வருஷம் இது எங்கே போயிருந்தது? அம்மா சாவில் நான் சொன்னபோது ஏன் வாயைத் திறக்கவில்லை? உண்மை உள்ளவள் அங்கேயே என் கூந்தலைப் பிடித்திருக்க வேண்டும். நீ மூட்டையைக் கட்டினாய்.

யார் படகு வலித்தால் என்ன. ஆற்றில் எப்போதும் யாராவது ஒருவன் படகோடு இருப்பான். சுரங்கக்காரர்களைக் கடத்திவிடுகிறவன், மீன் போடுகிறவன். படகோட்டியை எல்லாம் யார் நினைவு வைத்துக்கொள்வார்கள்? கழுதை பேரைக்கூடக் கேட்பாய் போலிருக்கிறது.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஆற்றைப் பற்றி என்றால் என் வீட்டுக்காரர் எல்வுட்டைத்தான் கேட்க வேண்டும். ராத்திரி சாப்பாட்டில் கேட்டேன். "அந்த வருஷம் இங்க யாரு படகு வலிச்சா?" கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். வயிறு சரியில்லையாம். நீ எழுதுவதைப் படித்தால் யாருக்கு வயிறு சரியாக இருக்கும்?

நாலு மாதம்தான் இருக்கிறது. காகிதத்தை அனுப்பு.

லாவினா


சோம்ஸ் பார்
ஜூன் 10

ஆர்டித்துக்கு எல்வுட் எழுதுவது.

உடம்பு தேறியிருப்பாய் என்று நம்புகிறேன். லாவினாவுக்கு நான் எழுதுவது தெரியாது.

நீ ஒரு வாக்குக் கொடுத்தாய். நானும் என் பங்கைச் செய்தேன். முறைப்படி முடிந்த விஷயத்தைத் தோண்டுவது நம் வழக்கத்தில் இல்லை. எனக்கு எழுபத்தைந்து ஆகிறது. இன்னும் எத்தனை மழைக்காலம் பார்க்கப் போகிறேன்? நான் போன பிறகு சொல்லிக்கொள்.

கையெழுத்தை மட்டும் போட்டுவிடு. பையன் வரட்டும். எனக்கும் அவன் வர வேண்டும். நம்பினால் நம்பு.

எல்வுட்


மெட்ஃபோர்ட்
ஜூன் 19

அக்காவுக்கு.

நலம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் மார்லா கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபால் பெட்டியைத் திறக்கிறவர் நீ இல்லை, அதனால். உட்கார்ந்துகொண்டு படி.

படகு வலித்தவர் உன் வீட்டுக்காரர். அப்போது அவருக்குப் பதினைந்து வயது. சுரங்கக்காரர்களைக் கடத்திவிட்டுக்கொண்டிருந்தார், உனக்குத் தெரியும். தொப்பிக்காரன் அவரை வழியிலேயே பிடித்துப் பேசி வைத்திருந்தான். நான் காட்டிக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. தம்பி எங்கே இருக்கிறான் என்று படகுக்கு ஏற்கெனவே தெரியும், முந்தின வாரம் அவனைக் கடத்திவிட்டதும் அதே படகுதான்.

பாறைமேலிருந்து பார்த்தேன். அவர் இறங்கிப் போய் ஏதோ சொன்னார். தம்பி அவர் தோளில் ஏறிக்கொண்டான். அம்மா இறங்குதுறையில் நின்று பார்த்தாள். மாமா அவளை இடுப்போடு பிடித்துக்கொண்டிருந்தார்.

நீ அவரைக் கட்டிக்கொள்ள நின்றபோது உன் வயிற்றில் நாலு மாதம். எனக்குப் பதினாறு. அம்மா என்னை விறகுக்கு என்று மலைக்குக் கூட்டிப்போய், "சொன்னியானா நான் உன்னப் பெத்தவ இல்ல" என்றாள். சொல்லவில்லை. பிறகு நீ என்மேல் பழி போட்டாய். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். அவள் செத்த பிறகும் கொடுத்த வாக்கைக் காத்தேன், மூட்டையைக் கட்டினேன்.

இப்போது எனக்கு அறுபத்தேழு. போதும்.

ஆர்டித்


சோம்ஸ் பார்
ஆகஸ்ட் 30

ஆர்டித்துக்கு.

உடம்பைக் கேட்கவில்லை. என் உடம்பையும் நீ கேட்காதே.

இரண்டு மாதம் எழுதவில்லை. உன்னைப் பொய்க்காரி என்று எழுதி ஐந்து கடிதம் கிழித்தேன். அவனிடமும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். புகை போடுவதற்கு மீன் அறுத்துக்கொண்டிருந்தான்.

"என் தம்பிய யாருய்யா கொண்டாந்தது?"

கத்தி நிற்கவில்லை. "ஆர்டித்து எழுதிட்டாளா?"

"நான் உன்னக் கேக்கறேன்."

"என் தங்கச்சி பேரும் அந்தக் காகிதத்துல இருந்துச்சு லாவினா. அவளுக்கு அப்பவே இருமல். உங்க வீட்டுலேர்ந்து ஒண்ணக் கொண்டாந்தா அவ பேர அடிச்சிடறேன்னான்."

"அவன் கேட்டான். நீ கொண்டாந்தே."

"கொண்டாந்தேன்."

"எப்படிக் கொண்டாந்தே? கையப் பிடிச்சா, இழுத்துக்கிட்டா?"

"தோள்ல. அம்மா கூப்பிடறான்னேன். உடனே ஏறிக்கிட்டான். பாதி ஆத்துல, இன்னும் வேகமா வலிக்கச் சொன்னான். சிரிச்சான்."

கத்தி அப்போதுதான் நின்றது. நான் மீன் தட்டைத் தூக்கி ஆற்றில் வீசினேன். இருபது மீன் இருக்கும்.

"ஐம்பத்தோரு வருஷம் என்னோட படுத்து எழுந்தியே, ஒரு நாளு சொல்லத் தோணலையா?"

அதற்கு அவன் சொன்ன பதில்தான் தூங்கவிடவில்லை. "நான் ஒளிக்கல. கட்டிக்கறதுக்கு முன்னாடியே உங்கம்மாகிட்ட ஆள் அனுப்பிக் குத்தத்தத் தீர்த்துட்டேன். கொடுக்க வேண்டியதக் கொடுத்தேன், அவ வாங்கிக்கிட்டா. தீர்ந்ததப் பேசக் கூடாதுன்னு உனக்கே தெரியும்."

எதைக் கொடுத்தான் என்று சொல்லமாட்டேன் என்கிறான். உனக்குத் தெரிந்திருக்கும். எழுது.

காகிதத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. மார்லாவைக் கூப்பிட்டு மறுபடி பேசிவிட்டேன். பேசியது உனக்காக இல்லை. தப்பாகச் சொன்னதைச் சரியாகச் சொன்னேன். நாடா உனக்கு வரும்.

லாவினா


மெட்ஃபோர்ட்
செப்டம்பர் 12

அக்காவுக்கு.

நாடா வந்தது. கேட்டேன். அக்கரைக்கு எவன் போனான், எப்படித் தூக்கினான், எப்படி இறக்கினான், எந்தக் கையில் கொடுத்தான், ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாய். அவர் பேரையும் சொல்லியிருக்கிறாய். ஆர்டித் கை ஆட்டினது ஓடச் சொல்ல என்றும் சொல்லியிருக்கிறாய். ஆனால் ஒரு தடவைகூட, நான் தப்பாகச் சொன்னேன் என்று சொல்லவில்லை. உன்னிடம் அதை எதிர்பார்த்தது என் முட்டாள்தனம்.

கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ரசீது இதோடு இருக்கிறது.

கேட்டாய், சொல்கிறேன். அவர் கொடுத்தது நீண்ட வெள்ளைச் சிப்பி மாலை, இரண்டு சரம், அவருடைய தாத்தா வழியில் வந்தது. அம்மா அதை ஒரு வருஷம்கூடப் பெட்டியில் வைக்கவில்லை. உன் கலியாணத்தன்றைக்கு உன் கழுத்தில் போட்டாள். பிறகு உன் மகள் அதைப் போட்டுக்கொண்டு நம் சடங்கு ஆட்டத்தில் ஆடினாள். இப்போது பேத்தி.

நான் ஆட்டத்துக்கு வராமல் இருந்தது உன்னால் மட்டும் இல்லை.

ஆர்டித்


சோம்ஸ் பார்
அக்டோபர் 27

ஆர்டித்துக்கு அக்கா எழுதிக்கொள்வது.

நீ போன மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. குழி மேட்டில் இருக்கிறது, தண்ணீர் நிற்காது, போய்ப் பார்த்துவிட்டேன். பஸ்ஸில் குளிர் அடித்திருக்கும். கொதிப்பு எப்படி இருக்கிறது?

உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. சாலையில் வண்டி நின்றதும் தம்பியின் எலும்பு இருந்த பெட்டியை என் மகன் தூக்குவதாகப் பேச்சு. அவன் கை நீட்டினான். நீ பெட்டியை வாங்கி, யாரையும் கேட்காமல், கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த எல்வுட் கையில் கொடுத்தாய். "யார்கிட்டக் கொடுக்கறே?" என்று நான் கத்தினேன். "கொண்டுபோனவரே கொண்டு வரட்டும், நீ நகரு" என்றாய், என் வீட்டு மனிதர்கள் எல்லார் எதிரிலும். கைப்பிள்ளை கனம்கூட இருக்காது அந்தப் பெட்டி. கிழவன் அதைத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறுகையில் மூன்று இடத்தில் நின்றான். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. நானும் வாங்கவிடவில்லை.

பிணம் தொட்டவனுக்கு உண்டான ஐந்து நாளும் ஆற்றங்கரையில் தனியாகக் கிடந்தான். நேற்று ஆறாம் நாள். முழுகிவிட்டு வந்து வாசலில் நின்றான். நான் வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. விறகை உள்ளே எடுத்து வைத்தான். அடுப்புப் பக்கம் கஞ்சி இருந்தது. எடுத்துக் குடித்தான். அவனோடு பேச்சு இல்லை. பேசுவேனோ என்னவோ, மழைக்காலம் நீளம்.

பதினைந்து வயதுப் பையனுக்கு அவன் தங்கச்சி பெரிது. அன்றைக்கு எனக்கு ஒரு படகு இருந்து, தம்பி பேரை அடிக்கிறேன் என்று ஒருவன் சொல்லியிருந்தால் நான் யார் வீட்டுப் பிள்ளையை வேண்டுமானாலும் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

உன் மேல் பழி போட்டேன். தப்பு. உனக்கு வேண்டிய சொல் இதுதானே, வைத்துக்கொள். விலாங்கு காய வைத்தது இரண்டு கட்டு மார்லாவிடம் கொடுத்தனுப்புகிறேன். உப்புப் போடவில்லை.

மாலையைப் பேத்தியிடமிருந்து வாங்கிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். "பழசாயிடுச்சு, சரடு மாத்தணும்" என்றேன். மேசைமேல் கிடக்கிறது. ஒவ்வொரு சிப்பியும் சின்னப் பிள்ளை விரல் நீளம். மகள் ஆடினபோது அது குலுங்குகிற சத்தத்தைக் கேட்டு, எவ்வளவு அழகு என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "ஆமா" என்றாள்.

தன் பிள்ளையைக் கொண்டுபோனதற்கு வாங்கினதை எடுத்து என் கழுத்தில் மாட்டினாள். கொண்டுபோனவனுக்கு என்னையும் கொடுத்தாள். நான் உன்னைத் திட்டினபோதெல்லாம் அடுப்பை ஊதிக்கொண்டு கேட்டிருந்தாள். உன்னையும் என்னையும் வைத்துத்தான் அந்த வீட்டில் அமைதி இருந்தது. வயிற்றில் பிள்ளையோடு நின்றவளைக் காப்பாற்றினாள் என்று மார்லா சமாதானம் சொல்கிறாள். இருக்கட்டும். என்னிடம் கேட்டிருக்க வேண்டும். ஆமாம், இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு வாய் இருந்தது.

செத்தவர்கள் பேரைச் சொன்னால் அது அவர்கள்மேல் எறிகிற கல். தெரிந்துதான் எழுதுகிறேன். குற்றம் என்று யாராவது தீர்வு கேட்டு வந்தால் வரட்டும், கொடுப்பதற்கு மேசைமேல் மாலை கிடக்கிறது. மற்றவர்கள் எல்லாரோடும் எப்படியோ ஒரு வழிக்கு வந்துவிடுவேன். ஒருத்தியை மன்னிக்கமாட்டேன், இந்த ஜன்மத்திலும் இல்லை, அவள் பக்கத்தில் என்னைப் புதைத்த பிறகும் இல்லை.

நம்மைப் பெற்றவள், ஹெஸ்டர்.